விசிலும் வேலையும்: விளையாட்டு மாணவர் கேள்வி-பதில்

பி.பி.எட்., பி.பி.இ.எஸ்., ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட் படிக்கும் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. சம்பளம் வாங்காமல் போட்டிகளில் வேலை செய்வது சம்பள வேலைக்கு வழி திறக்குமா என்ற கவலைதான் எல்லாக் கேள்விக்கும் அடியில் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவோம்.

கே: போட்டிகளுக்கு வாலண்டியராகப் போனால் வேலை கிடைக்கும் என்று சீனியர்கள் சொல்கிறார்கள். நம்பலாமா?
(பி.பி.இ.எஸ். மாணவர், திருவண்ணாமலை)

ப: வேலை கிடைக்காது. முதலில் வேலை பிடிபடும். அது உங்களுக்குப் பிடிபட்டிருக்கிறது என்பது நாலு பேருக்குத் தெரியவரும். அந்த நாலு பேரில் ஒருவர் ஆள் தேடும்போது உங்கள் பெயர் அவருக்கு ஞாபகம் வரும். இந்த மூன்றும் வரிசையாக நடந்தால்தான் பலன். டி-ஷர்ட் வாங்கிப் போட்டுக்கொண்டு, செல்ஃபி எடுத்து, சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வீடு திரும்பினால் முதல் படிகூட ஏறவில்லை.

நீங்கள் எப்படி ஆடினீர்கள் என்பதை மெடல் சொல்லும். உங்களை நம்பி நாற்பது குழந்தைகளை ஒப்படைக்கலாமா என்பதை அது சொல்லாது. பள்ளித் தாளாளரும் அகாடமி நடத்துகிறவரும் தெரிந்துகொள்ள விரும்புவது இந்த இரண்டாவது விஷயத்தைத்தான்.

கே: நான் ஆட வந்தவன். கோடு போடவும் ஸ்கோர் எழுதவும் நான் எதற்கு?
(கபடி வீரர், பெரம்பலூர்)

ப: ஆடுகிறவர்கள் பக்கத்துக்கு 7 பேர். அந்த 14 பேரும் ஒழுங்காக ஆட ஒரு நடுவர், 2 அம்பயர், ஒரு ஸ்கோரர், 2 உதவி ஸ்கோரர் என 6 பேர் வேண்டும். அணியில் உங்கள் இடத்துக்கு ஊருக்கு ஊர் ஆள் நிற்கிறார்கள். அந்த 6 இடத்துக்குத் தகுந்த ஆள் கிடைக்காமல்தான் பல போட்டிகள் சண்டையில் முடிகின்றன.

முப்பது வயதில் ஆட்டக்காரருக்கு முழங்கால் பேச ஆரம்பிக்கும். விசில் ஊதுகிறவருக்கு மதிப்பு ஏறுவதே அதற்குப் பிறகுதான். சென்னையின் வெங்கட்ராகவன் 1975, 1979 கிரிக்கெட் உலகக் கோப்பைகளில் இந்திய அணித் தலைவர். ஆடி முடித்தபின் அம்பயராகி, ஐ.சி.சி.யின் எலைட் பேனல் வரை போனார். கேப்டனாக இருந்தவருக்கே அம்பயர் வேலை கௌரவமாகத்தான் இருந்திருக்கிறது.

கே: மாவட்டத் தடகளப் போட்டிக்கு எங்கள் கல்லூரியிலிருந்து 30 பேரை அனுப்புகிறார்கள். எந்த வேலையைக் கேட்டு வாங்க வேண்டும்?
(பி.பி.எட். மாணவி, திருச்சி)

ப: நல்ல கேள்வி. வரவேற்பு மேஜையையும் பூங்கொத்து கொடுப்பதையும் வேறு யாருக்காவது விட்டுவிடுங்கள். இரண்டு இடங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, கால் ரூம். ஓடப்போகிறவர்கள் களத்துக்குள் நுழையும் முன் கடக்க வேண்டிய இடம். பெயரையும் எண்ணையும் சரிபார்க்க வேண்டும். ஷூவைத் திருப்பி ஸ்பைக்கை அளக்க வேண்டும். சிந்தெடிக் தளத்தில் ஆணி 9 மி.மீ.க்கு மேல் நீளக்கூடாது; உயரம் தாண்டுதலுக்கும் ஈட்டிக்கும் மட்டும் 12 மி.மீ. வரை போகலாம். ஒரு ஷூவில் 11 ஆணிக்கு மேல் கூடாது. பதற்றத்தில் இருக்கும் பதினாறு வயதுப் பிள்ளையிடம் "இந்த ஷூ செல்லாது, ஆணியை மாற்றிக்கொண்டு வா" என்று கோபப்படாமல் சொல்லி, நேரத்துக்குள் களத்துக்கு அனுப்பிப் பாருங்கள். பள்ளி வேலைக்கு இதைவிட நல்ல ஒத்திகை கிடையாது.

இரண்டாவது, காற்றுமானி. 100 மீட்டர் ஓட்டத்தில் முடிவுக்கோட்டுக்கு 50 மீட்டர் முன்னால், முதல் லேனை ஒட்டி, 1.22 மீட்டர் உயரத்தில் அதை வைப்பார்கள். துப்பாக்கி வெடித்ததிலிருந்து 10 விநாடி அளக்க வேண்டும். நீளம் தாண்டுதலில் 5 விநாடி. பின்னாலிருந்து அடிக்கும் காற்று விநாடிக்கு 2 மீட்டரைத் தாண்டினால் ஜெயித்தவரின் வெற்றி நிற்கும், ஆனால் சாதனைப் பட்டியலில் அது ஏறாது. நீங்கள் எழுதும் ஓர் எண்ணில் ஒரு வீராங்கனையின் ரெக்கார்டு தொங்குகிறது. அந்தப் பொறுப்பை ஒருநாள் சுமந்தவருக்குக் கவனம் என்றால் என்ன என்று யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

கே: என் ஃபைலில் வாலண்டியர் சான்றிதழ்களே இருபது இருக்கின்றன. இன்டர்வியூவில் ஒருவரும் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.
(எம்.பி.எட். மாணவர், சேலம்)

ப: அவர்களுக்கு நேரம் இல்லை. நீங்கள்தான் புரட்டிக் காட்ட வேண்டும். "வாலண்டியராகப் பங்கேற்றேன்" என்ற வரியில் எந்தத் தகவலும் இல்லை. அதே விஷயத்தை இப்படி எழுதிப் பாருங்கள்: "மாவட்டத் தடகளப் போட்டியில் இரண்டு நாள் கால் ரூம் பொறுப்பு. பெண்கள் பிரிவின் எல்லா ஓட்டங்களுக்கும் வீராங்கனைகளைச் சரிபார்த்து அனுப்பினேன். எந்த ஓட்டமும் எங்களால் தாமதமாகவில்லை." படிக்கிறவர் நிமிர்ந்து உட்காருவார், அடுத்த கேள்வியை அதிலிருந்தே கேட்பார்.

இருபதில் நாலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நாலுக்கும் நாலு வரி எழுதுங்கள். என்ன பொறுப்பு, எத்தனை பேர், என்ன சிக்கல் வந்தது, எப்படித் தீர்த்தீர்கள். மற்ற பதினாறும் வீட்டு அலமாரியில் பத்திரமாக இருக்கட்டும்.

கே: தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறதே. வாலண்டியர் சான்றிதழைக் காட்டி அதில் விண்ணப்பிக்கலாமா?
(பெயர் வேண்டாம், விழுப்புரம்)

ப: முடியாது. அது களத்தில் ஆடிச் சாதித்தவர்களுக்கான கதவு. தன்னார்வப் பணிக்கு அங்கே மதிப்பெண் இல்லை. அப்படி உண்டு என்று யாராவது சொன்னால், அவர் உங்களிடம் எதையோ விற்கப் பார்க்கிறார்.

தன்னார்வப் பணி உதவுவது வேறு கதவுகளில். தனியார் பள்ளிகள், அகாடமிகள், ஃபிட்னஸ் மையங்கள், போட்டி நடத்தும் நிறுவனங்கள், லீக் அணிகளின் அலுவலகங்கள், விளையாட்டுச் சங்கங்கள். ஆளைப் பார்த்து, விசாரித்து, பிறகு எடுக்கும் இடங்கள் எல்லாமே இதில் சேரும். விளையாட்டுப் படிப்பு முடித்தவர்களில் பலருக்கு முதல் வேலை கிடைப்பது இங்கேதான்.

கே: மகள் ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட் படிக்கிறாள். விடியற்காலை போய் ராத்திரி வருகிறாள். பத்து பைசா கிடையாது. இது உழைப்புச் சுரண்டல் இல்லையா?
(தந்தை, அரியலூர்)

ப: சில இடங்களில் சுரண்டலேதான் ஐயா. உங்கள் கோபம் நியாயமானது. மகளிடம் ஐந்து விஷயம் கேளுங்கள். போக்குவரத்துச் செலவு தருகிறார்களா? சாப்பாடும் ஓய்வும் உண்டா? வேலை நேரம் முன்கூட்டியே சொல்லப்பட்டதா? அவளுக்கு மேலே பொறுப்பாளர் என்று பெயர் சொல்லக்கூடிய ஒருவர் இருக்கிறாரா? போன தடவை தெரியாத ஏதாவது ஒன்று இந்தத் தடவை தெரிந்ததா?

கடைசிக் கேள்விதான் முக்கியம். கற்றுக்கொள்வது நடக்கும்வரை அது அவளுக்கான முதலீடு. அதே வேலையை மூன்றாவது ஆண்டாகச் செய்கிறாள், புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அவளே சொல்லிக்கொடுக்கிறாள் என்றால் அது வாலண்டியர் வேலை கிடையாது, ஊழியர் வேலை. டிக்கெட் விற்று, விளம்பரம் வாங்கி, லாபம் பார்க்கும் போட்டி என்றால் சம்பளம் கேட்கச் சொல்லுங்கள். கேட்கத் தெரிவதும் அவள் படிக்கும் மேனேஜ்மென்டில் ஒரு பாடம்தான்.

கே: ஞாயிற்றுக்கிழமை கேட்டரிங் வேலைக்குப் போனால்தான் எனக்கு ஹாஸ்டல் ஃபீஸ் கட்ட முடியும். வாலண்டியராகப் போகிற வசதியே எனக்கு இல்லை. நான் பின்தங்கிவிடுவேனா?
(பி.பி.எட். மாணவர், தர்மபுரி)

ப: தம்பி, கேட்டரிங்கை விடாதீர்கள். வயிற்றையும் படிப்பையும் காப்பாற்றுகிற வேலைக்கு முன்னால் எந்தச் சான்றிதழும் பெரிதில்லை. ஐந்நூறு பேர் பந்திக்கு நேரத்துக்கு இலை போட்டுப் பரிமாறி முடிக்கிற வேலையை ரெஸ்யூமேயில் தாராளமாக எழுதுங்கள். கூட்டத்தைச் சமாளிக்கத் தெரியும், கால் கடுக்க நிற்கத் தெரியும் என்பதற்கு அது சாட்சி.

வருடத்துக்கு ஒரே ஒரு போட்டி போதும். உங்கள் கல்லூரியிலேயே வார நாளில் நடக்கும் போட்டியைத் தேர்ந்தெடுங்கள். பஸ் செலவு இல்லை, வருகைப் பதிவில் ஆன்-டூட்டி கேட்கலாம். அதோடு உங்கள் விளையாட்டின் நடுவர் தேர்வை எழுதிவிடுங்கள். தேர்ச்சி பெற்ற நடுவருக்குப் பல போட்டிகளில் நாள்படியும் பயணச் செலவும் கிடைக்கும். சீக்கிரம் காசாக மாறக்கூடிய அனுபவம் அதுதான்.

போட்டி நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பஸ் டிக்கெட்டுக்கும் இரண்டு வேளைச் சோற்றுக்கும் பணம் ஒதுக்காவிட்டால் உங்களிடம் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டும்தான் வருவார்கள். திறமையுள்ள பிள்ளை பந்தி பரிமாறப் போய்விடும். மேடை அலங்காரத்தில் கொஞ்சம் குறைத்தால் இந்தச் செலவு அடங்கிவிடும்.

கே: பெண் பிள்ளைகள் வெளியூர் போட்டிகளுக்கு வாலண்டியராகப் போகலாமா? அம்மா பயப்படுகிறார்.
(மாணவி, ராமநாதபுரம்)

ப: போகலாம். அம்மாவின் பயத்தை ஒதுக்கித் தள்ளாமல், அதற்குப் பதில் தயார்செய்துகொண்டு போங்கள். தங்குமிடம் எது, பெண் பொறுப்பாளர் யார், இரவு திரும்ப வண்டி உண்டா என்ற மூன்றுக்கும் புறப்படும் முன்னே எழுத்தில் பதில் வாங்குங்கள். தரத் தயங்குகிற போட்டிக்குப் போகாதீர்கள்.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், சம்பளம் இல்லாமல் தன்னார்வமாக வேலை செய்கிறவர்களையும் பாதுகாக்கிறது. ஸ்டேடியமும் போட்டி நடக்கும் இடமும் பணியிடம்தான் என்று அந்தச் சட்டமே பெயர் சொல்லி எழுதியிருக்கிறது. மூன்று மாதத்துக்குள் புகார் தரலாம். அமைப்பில் உள்புகார்க் குழு இல்லாவிட்டால் மாவட்ட அளவில் குழு உண்டு. 18 வயதுக்குக் கீழே என்றால் போக்சோ சட்டம் இருக்கிறது. பெண்கள் உதவிக்கு 181, குழந்தைகளுக்கு 1098. இந்த இரண்டு எண்ணும் உங்கள் போனிலும் அம்மா போனிலும் இருக்கட்டும்.

கே: பெண்கள் நடுவராக மேலே வர முடியுமா?
(கால்பந்து வீராங்கனை, மதுரை)

ப: பக்கத்து ஊரைப் பாருங்கள். திண்டுக்கல்லின் ரூபா தேவி கால்பந்து ஆடி, நடுவராகி, ஃபிஃபா நடுவர் பட்டியலில் இடம்பிடித்தவர். திண்டுக்கல்லிலிருந்து முடிந்தது மதுரையிலிருந்தும் முடியும்.

கே: இங்கிலீஷ் பேச வராது. சர்வதேசப் போட்டிகளில் என்னைச் சேர்ப்பார்களா?
(மாணவர், திருவாரூர்)

ப: 2022-இல் மாமல்லபுரத்தில் நடந்த 44-ஆவது செஸ் ஒலிம்பியாடுக்கு 180-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்தார்கள். அவர்களில் ஏராளமானவர்களுக்கும் இங்கிலீஷ் தாய்மொழி கிடையாது. உங்களைப் போலவே தட்டுத்தடுமாறித்தான் பேசினார்கள்.

ஒரு வாலண்டியருக்குத் தேவையான இங்கிலீஷ் ஓர் ஐம்பது வாக்கியத்தில் அடங்கிவிடும். பஸ் எத்தனை மணிக்கு, மருத்துவர் எங்கே, சாப்பாட்டுக் கூடம் எந்தப் பக்கம், உங்கள் அடையாள அட்டையைக் காட்டுங்கள். இவற்றை எழுதிவைத்து, வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். "தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன்" என்பதையும் சேர்த்துப் பழகுங்கள். தப்பான வழி காட்டுவதைவிட அந்த வாக்கியம் ஆயிரம் மடங்கு மேல்.

கே: செஸ்ஸில் ரேட்டிங் ஏறவே இல்லை. விட்டுவிடலாமா?
(மாணவி, நாமக்கல்)

ப: ஆடுவதை விடவேண்டாம். பலகைக்கு இந்தப் பக்கமும் கொஞ்சம் வாருங்கள். ஆர்பிட்டர் வேலைக்குத் தனி ஏணி இருக்கிறது. உள்ளூர்ப் போட்டியில் உதவியாளர், பிறகு தேர்வு எழுதி ஆர்பிட்டர், அதற்கு மேலே ஃபிடே ஆர்பிட்டர், சர்வதேச ஆர்பிட்டர். கருத்தரங்கும் தேர்வும் முடித்து, போட்டிகளில் வேலை செய்து நார்ம் எனப்படும் தகுதிச் சான்றுகள் சேர்த்தால்தான் மேல் பட்டம்.

தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும் என்று ஒருவர் வாதாடுவார். தொடவே இல்லை என்று எதிராளி சாதிப்பார். ஒரே நிலை மூன்று முறை வந்தது, டிரா கொடுங்கள் என்று ஒருவர் கை தூக்குவார். அந்த நேரத்தில் கடிகாரத்தை நிறுத்தி, அமைதியாக விதியைச் சொல்கிறவருக்கு ரேட்டிங் குறைவாக இருந்தாலும் அறையே கட்டுப்படும். தமிழ்நாட்டில் நடக்கும் செஸ் போட்டிகளின் எண்ணிக்கையைப் பார்த்தால் இந்த வேலைக்கு ஆள் தேவை குறையப் போவதில்லை.

கே: டென்னிஸில் லைன் அம்பயர் ஆக ஆசை. நல்ல எதிர்காலம் உண்டா?
(மாணவர், சென்னை)

ப: அந்த ஆசையைக் கொஞ்சம் நகர்த்திவையுங்கள். ஆண்கள் ஏ.டி.பி. தொடர் 2025 முதல் கோட்டைப் பார்க்கும் வேலையைக் கேமராக்களிடம் கொடுத்துவிட்டது. விம்பிள்டனும் அதே ஆண்டு கோட்டோரம் நின்றவர்களுக்கு விடை கொடுத்தது. உள்ளூர்ப் போட்டிகளில் பழகிக்கொள்ளலாம், ஆனால் வாழ்க்கையை அதன்மேல் கட்டாதீர்கள்.

நுங்கம்பாக்கத்தில் 2022-இல் பெண்கள் சென்னை ஓப்பன் நடந்தபோதும் சரி, எந்தப் பெரிய போட்டி நடந்தாலும் சரி, சேர் அம்பயர், போட்டி அட்டவணை, வீரர் சேவை மேஜை, பயிற்சிக் கோர்ட் ஒதுக்கீடு எல்லாம் மனிதர்கள் பார்க்கும் வேலைகள். எந்த வேலையைக் கற்கப்போகிறோம் என்று தேர்ந்தெடுக்கும்போது, அதை நாளை இயந்திரம் செய்யுமா என்று ஒரு தடவை யோசித்துவிடுவது நல்லது.

கே: எங்கள் ஊரில் ஹாக்கிப் போட்டி நடந்தால் என்னை டெக்னிக்கல் மேஜையில் உட்கார வைக்கிறார்கள். போரடிக்கிறது.
(கல்லூரி மாணவர், கோவில்பட்டி)

ப: ஹாக்கி ஊரில் பிறந்துவிட்டு அந்த மேஜையைப் போரடிக்கிறது என்று சொல்லலாமா? 15 நிமிடம் வீதம் 4 கால்பகுதி. பச்சை அட்டை வாங்கியவர் 2 நிமிடம் வெளியே. மஞ்சள் என்றால் குறைந்தது 5 நிமிடம். அவர் ஒரு விநாடி முன்னால் உள்ளே ஓடினாலும் உங்கள் மேஜைதான் பதில் சொல்ல வேண்டும். 2025-இல் சென்னையிலும் மதுரையிலும் ஜூனியர் உலகக் கோப்பை நடந்தது. அந்த மேஜையின் விதியும் உங்கள் ஊர் மேஜையின் விதியும் ஒன்றுதான். டெக்னிக்கல் அஃபிஷியல் தேர்வுக்கு நீங்கள் ஏற்கெனவே பாதி படித்துவிட்டீர்கள். மீதியையும் படியுங்கள்.

கே: மாற்றுத்திறனாளிகள் விளையாட்டில் உதவ ஆசை. எனக்குப் பயிற்சி எதுவும் இல்லை. போகலாமா?
(பி.பி.எட். மாணவி, கோவை)

ப: அவசியம் போங்கள். விளையாட்டு மாணவர்கள் அதிகம் எட்டிப்பார்க்காத இடம் அது, நம் மாநிலத்துக்கு அதிகம் பெருமை தேடித்தந்த இடமும் அதுதான். சேலம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வாங்கினார். அவரிடம் திறமை இருப்பதை முதலில் கண்டுகொண்டவர் பள்ளி உடற்கல்வி ஆசிரியர். 2024 பாரிஸில் பாட்மின்டனில் துளசிமதி முருகேசன் வெள்ளியும், மனிஷா ராமதாஸ், நித்யஸ்ரீ சிவன் இருவரும் வெண்கலமும் வென்றார்கள்.

வழிகாட்டி ஓட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முழுப் பார்வையிழந்தோர் பிரிவில் ஓடுகிறவர் கண்ணை மறைத்துக் கட்டியிருப்பார். அவர் கையையும் வழிகாட்டியின் கையையும் ஒரு சிறு கயிறு இணைக்கும். வழிகாட்டி இழுக்கக்கூடாது, தள்ளக்கூடாது. முடிவுக்கோட்டை வீரர்தான் முதலில் தாண்ட வேண்டும். அவர் கை வீச்சுக்கு உங்கள் கை வீச்சு ஒத்துப்போக வேண்டும், வளைவு வருவதைக் குரலில் சொல்ல வேண்டும். இன்னொருவர் உடம்பின் தாளத்தைக் கவனிக்கப் பழகியவர் எந்த வகுப்பறையிலும் நல்ல பயிற்சியாளராக இருப்பார். சிறப்புப் பள்ளிகளும் மறுவாழ்வு மையங்களும் தேடுவது இந்த அனுபவம் உள்ளவர்களைத்தான். ஒரு விஷயம் மட்டும் மனதில் இருக்கட்டும்: பாவம் பார்த்துப் போகாதீர்கள். அங்கே இருப்பவர்கள் ஜெயிக்க வந்தவர்கள்.

கே: யாரும் யோசிக்காத வேலை ஏதாவது சொல்லுங்கள்.
(மாணவர், வேலூர்)

ப: இரண்டு இருக்கிறது. ஒன்று, ஊக்கமருந்துச் சோதனையில் ஷாப்பரோன். சோதனைக்குத் தேர்வான வீரரிடம் தகவல் சொல்லி, அவர் சோதனை அறைக்குப் போகும்வரை கண் பார்வையிலிருந்து விடாமல் கூடவே இருக்கும் வேலை. ரகசியமும் நிதானமும் வேண்டும்.

இன்னொன்று, மோட்டார் பந்தய மார்ஷல். 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் டிராக் இருங்காட்டுக்கோட்டையில் இருக்கிறது. மஞ்சள் கொடி என்றால் ஆபத்து, முந்தாதே. சிவப்பு என்றால் பந்தயம் நின்றது. 2024-இல் தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 கார்கள் இரவில் பறந்தபோதும் கொடியோடு நிற்க ஆள் வேண்டியிருந்தது. கொடியைத் தாமதமாக ஆட்டினால் உயிர் போகும். அந்தப் பயிற்சியை முடித்தவரைப் பாதுகாப்பு சம்பந்தமான எந்த வேலைக்கும் நம்பி எடுக்கலாம்.

கே: முதலுதவி தெரிந்தால் கூடுதல் மதிப்பா?
(பி.பி.இ.எஸ். மாணவி, தூத்துக்குடி)

ப: கூடுதல் மதிப்பு என்று சொல்வது குறைவு, களத்தில் நிற்கிற எல்லாருக்கும் அது தெரிந்தே ஆக வேண்டும். நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு அழுத்த வேண்டும் என்பது உங்கள் கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் போன்ற அமைப்புகள் நடத்தும் வகுப்பில் சேர்ந்து பொம்மைமேல் அழுத்திப் பழகுங்கள். தூத்துக்குடி வெயிலில் பிள்ளைகளை ஓடவிடும் பள்ளி எதுவும் இந்தச் சான்றிதழைப் பார்த்துவிட்டு அடுத்த பக்கம் புரட்டாது.

கே: என்.எஸ்.எஸ்.ஸில் இருக்கிறேன். மரம் நடுவதும் சுத்தம் செய்வதும்தான் வேலை. விளையாட்டுக்கு இதில் என்ன பயன்?
(மாணவர், நாகர்கோவில்)

ப: இரண்டு வருடத்தில் 240 மணி நேரம், ஒரு ஏழு நாள் முகாம். அந்த முகாமை விளையாட்டு முகாமாக நடத்தலாம் என்று உங்கள் திட்ட அலுவலரிடம் நீங்களே எழுதிக் கொடுங்கள். கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 50 மீட்டர் ஓட்டம், 600 மீட்டர் ஓட்டம், குனிந்து தொடுதல், புஷ்-அப் என்று எளிய உடல்தகுதிச் சோதனை வையுங்கள். ஒரு நோட்டில் எழுதுங்கள். மூன்று மாதம் ஞாயிறு காலையில் போய்ப் பயிற்சி கொடுத்துவிட்டு மறுபடி சோதித்துப் பாருங்கள். யார் எவ்வளவு முன்னேறினார்கள் என்ற அந்த நோட்டை இன்டர்வியூ மேஜையில் வைத்தால், பயிற்சியாளர் ஆகப்போகிறேன் என்று நீங்கள் சொல்ல வேண்டியிருக்காது. ஆகிவிட்டீர்கள் என்பது அதில் இருக்கும்.

கே: பி.டி. வாத்தியார் வேலையைத் தவிர இந்தப் படிப்புக்கு வேறு என்ன இருக்கிறது என்று உறவினர்கள் கேட்கிறார்கள்.
(மாணவர், கரூர்)

ப: பி.டி. வாத்தியார் வேலையே பெரிய வேலை என்று முதலில் சொல்லுங்கள். பிறகு இதையும் சொல்லுங்கள். சென்னையில் 1920-இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியவர் ஹாரி குரோ பக். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கிற்குப் போன இந்திய அணிக்கு மேலாளர் அவர்தான். உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் ஒலிம்பிக் அணியை நடத்திச் சென்று நூறு வருடம் ஆகிவிட்டது. களம் தெரிந்தவருக்கு நிர்வாகமும் கைவரும் என்பதற்கு நம் ஊரிலேயே அத்தாட்சி இருக்கிறது.

கே: போட்டி முடிந்தபின் பொறுப்பாளரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.
(மாணவி, தஞ்சாவூர்)

ப: ஒரு வாரத்துக்குள் கேளுங்கள். அதற்குமேல் போனால் உங்கள் முகம் அவருக்கு மறந்துவிடும். "நான் என்ன செய்தேன் என்று நாலு வரி எழுதி அனுப்புகிறேன் சார், சரியாக இருந்தால் உங்கள் பெயரைக் கொடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டால் அவருக்கும் வேலை மிச்சம். நன்றாக வேலை பார்த்தவர் கேட்கும்போது யாரும் முகம் சுளிப்பதில்லை. அவர் மறுத்தால், ஏன் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பதிலும் உங்களுக்குப் பாடம்தான்.

கே: ஒலிம்பிக்கில் வாலண்டியர் இடம் வாங்கித் தருவதாக ஓர் ஏஜென்ட் நாற்பதாயிரம் ரூபாய் கேட்கிறார்.
(மாணவர், ஈரோடு)

ப: கொடுக்காதீர்கள். வாலண்டியர் இடம் விற்பனைக்குக் கிடையாது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 45,000 பேர் தன்னார்வலராக இருந்தார்கள். போட்டி அமைப்பின் இணையதளத்தில் நேரடியாக விண்ணப்பித்து வந்தவர்கள் அவர்கள். விமானக் கட்டணமும் தங்கும் செலவும் பெரும்பாலும் நம் பையிலிருந்துதான் போகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நாற்பதாயிரம் கையில் இருந்தால் நடுவர் பயிற்சி, முதலுதவி வகுப்பு, நல்ல ஷூ மூன்றையும் முடித்துவிட்டு, மீதியை அப்பாவிடம் கொடுங்கள்.

கே: 2030 காமன்வெல்த் போட்டி அகமதாபாத்தில் நடக்கப்போகிறதே. அதில் வேலை பார்க்க இப்போதிருந்தே என்ன செய்யலாம்?
(முதலாம் ஆண்டு மாணவி, புதுக்கோட்டை)

ப: இந்தக் கேள்வியை முதலாம் ஆண்டிலேயே கேட்டதற்கு ஒரு சபாஷ். ஒரு விளையாட்டைத் தேர்ந்தெடுங்கள். அதன் விதிப்புத்தகத்தை முழுவதும் படியுங்கள். இந்த ஆண்டு கல்லூரிப் போட்டி, அடுத்த ஆண்டு மாவட்டம், அதற்கடுத்து முதலமைச்சர் கோப்பை மாதிரி மாநில அளவில் ஒன்று, இடையில் நடுவர் தேர்வு. ஒவ்வொன்றிலும் முந்தையதைவிடக் கொஞ்சம் பெரிய பொறுப்பை வாங்குங்கள். இந்தி கொஞ்சம், இங்கிலீஷ் கொஞ்சம் பழகிக்கொள்ளுங்கள். அகமதாபாத் அழைத்தால் தயாராக இருப்பீர்கள். அழைக்காவிட்டாலும் புதுக்கோட்டையிலேயே உங்களைத் தேடி ஆள் வரும்.

தொடங்குவது சுலபம். நாளைக்குக் காலையில் உங்கள் கல்லூரி பிசிகல் டைரக்டரைப் போய்ப் பாருங்கள். "ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கள்" என்று கேட்காதீர்கள். "அடுத்த போட்டிக்கு எந்த மேஜைக்கு ஆள் வேண்டும் மேடம், அந்த விதியை இன்றே படித்துவிடுகிறேன்" என்று கேளுங்கள்.